கப்பலுக்கும் ரெண்டு கேட்டு

கப்பல்ல கன்னியம்மா காணாப்பூட்டா. நடந்தது அவ்ளோதான்.

மொதல்லியே சொல்லிட்டேன். இனிமே நடுவுல நடுவுல அண்ணிக்கி இன்னாச்சி, அண்ணிக்கி இன்னாச்சின்னு நோண்டக்கூடாது. கெடச்சா, கெடச்சா. பொண்டாட்டி கெடைக்காமலா நான் இங்க குந்திக்கினு வேர்க்கடல துண்ணுக்கினு வரேன்? யாரு கண்டுபுடிச்சி இட்டாந்தாங்கன்றதுதான் மேட்டரு. அத்த கடசீல சொல்றேன். பொன்னேரில நீ ரயிலு ஏறுனதப் பாத்துட்டுத்தான் கூப்புட்டேன். நீ எங்க போவப்போற? ஆரம்பாக்கம் வர்ற வரைக்கும் இந்த சீட்டுதான். குந்து, எபினேசரு. பைய மேல வை.

நீ கேட்டதுக்கு வரேன். கப்பலு எங்க போச்சின்னு கேட்ட. எங்கியும் போவல. சென்னை ஆர்பர்ல ஏத்துனான், நடுக்கடலுக்கு இட்டும்போனான், ஒரு சுத்து சுத்துனான், அதே ஆர்பர்ல எறக்கி உட்டான். காலைல எறங்கி நேரா வரேன். எம்புள்ள சரவணகுமாரு ஏற்பாடு. நைனா, நீயும் அம்மாவும் காட்டுப்பள்ளி கரைல நின்னு பாத்த கடல உள்ள போயி பாக்க வாணாமான்னான். நான் கேட்டனா? கேக்கல. வேப்பம்பட்டுல வூடு வாங்கனதுலேர்ந்து அவனுக்கு இந்த மாதிரி ரோசன எல்லாம் வருது.

உம்புள்ள பீட்டரும் லீவு உட்டதும் உங்கள கப்பல்ல இட்டும்போறேன்னு நிக்கிறானாமே. நீ மாட்டேன்னு நிக்கிறியாமே. போனாலும் போவாட்டியும் தெரிஞ்சி வச்சிக்கோ.

வாசல்லியே பைய நோண்டுறான். வெளி சாப்பாடு கூடாதாம். கன்னியம்மா செஞ்சி எடுத்தாந்த முறுக்கு, எள்ளட, புளிசோறு அத்தனையும் வெளில. அடில ஒரு நெத்திலி கருவாட்டுப் பொட்டலம். அத்தப் பிரிச்சி மோந்து பாத்தான் பாரு அந்த செக்யூரிட்டி பையன், மூஞ்சி போன போக்கு இருக்குதே. கடலுக்கே கருவாடு கட்டிக்கினு போனவ உலகத்துலியே எம்பொண்டாட்டி ஒருத்திதான்.

அப்பறம் கழுத்துல ஒரு கார்டு. அதுதான் சாவி, அதுதான் டப்பு, அதுதான் நீ. கார்டு தொலஞ்சா நீ யாருன்னு நீயே சொன்னாலும் ஒத்துக்க மாட்டான். ரூமு நம்ம சமையக்கட்டு அளவு. மெத்த மேல துண்ட மடிச்சி அன்னப்பட்சி மாதிரி செஞ்சி வச்சிருக்கான். கன்னியம்மா அத்தக் கலைக்க மாட்டேன்னுட்டா. குளிச்சிட்டு முந்தானையால தொடச்சிக்கினா. யாரோ பாவம் கஷ்டப்பட்டு செஞ்சிருக்கு, நாசம் பண்ணாதன்னு என்கிட்ட சண்ட.

சோறா? விடிஞ்சா சோறு, அடஞ்சா சோறு. துண்றாங்கோ. துண்ணுட்டு லிஃப்டு புடிச்சி மேல் மாடிக்குப் போயி வேற மாதிரி துண்றாங்கோ. இட்லியும் இருந்துது. நங்கூரம் அறுந்துடுச்சின்னா அதுல நாலு கட்டி எறக்கலாம். புள்ளைங்களுக்கு சறுக்கு மரம், தண்ணித் தொட்டி, மேஜிக் காட்றவன், கரடி வேஷம் போட்டுக்கினு ஆட்றவன். அதுங்கள உட்டுட்டுப் போறதுக்குன்னே ஒரு ரூமு. பெத்தவங்க உட்டுட்டு ஓடுறாங்கோ பாரு ஒரு ஓட்டம்! குடும்பத்தோட சந்தோஷமா இருக்கணும்னு டிக்கெட்டு போட்டு வந்துட்டு, குடும்பத்த மாடிக்கி ஒண்ணா பிரிச்சி உட்டப்பறந்தான் சிரிக்கிறாங்கோ.

கடலா? கடல யாரும் பாக்கல. இவ்ளோ தண்ணிக்கு நடுவுல ஒரு தொட்டி கட்டி, அதுல தண்ணி ஊத்தி, அதுல குதிக்கிறாங்கோ. நான் இன்னா சொல்ல.

ஏறுன அன்னிக்கே சங்கு ஊதுனான். ஆபத்து வந்தா இன்னா பண்ணணும்னு பழக்குறானாம். எனக்கு அது தெரியுமா? சங்கு சத்தம் கேட்டதும் செருப்ப மாட்டிக்கினு வெளில கெளம்பிட்டேன். மில்லுல சங்கு ஊதி ஷிஃப்டு முடிஞ்சா காலு தானா எந்திரிக்கும், பழகுன காலு. சரவணகுமாரு வந்து, நைனா மானத்த வாங்காதன்னு இழுத்துக்கினு போயி ஆரஞ்சு கலர் சட்டைய மாட்டி உட்டான்.

சிக்னல்ல போட்டுட்டான் பாரு. போடட்டும். எக்ஸ்பிரசு போவணும். நீ குந்து.

ரெண்டாம் நாளு நாஷ்டாவுக்குப் போறோம். புள்ளையும் மருமவளும் முன்னாடியே பூட்டாங்கோ. அப்பறம் நான். எம் பின்னாடி அவ. பெரிய கண்ணாடிக் கதவு, ரெண்டு பக்கமும் கோட்டு போட்டவன் நின்னுக்கினு குட் மார்னிங் சொல்றான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சொவத்தோட சொவரா ஒரு சின்ன கதவு. ஒரு பொம்பள அழுக்குத் துணி வண்டியத் தள்ளிக்கினு அதுல நொழையிறா. நான் கண்ணாடிக் கதவுல பூந்தேன். கன்னியம்மா அந்த வண்டிக்காரி பின்னாலியே சின்ன கதவுல பூந்துட்டா.

ஏன்னா கேக்குற? உனக்குத் தெரியாதா இன்னா. நானும் அவளும் ஒரே மில்லு. இரும்புக் கம்பி ஓட்ற மில்லு. நான் பர்மனென்டு, அவ காண்ட்ராக்டு. ஒரே சைக்கிள்ல போவோம். மெயின் கேட்டுல நான் எறங்கி உள்ள போவேன், அவ மதிலு சுத்திக்கினு பின்னாடி கேட்டுக்கு நடப்பா. காண்ட்ராக்டு ஆளுங்களுக்கு பின்னாடி கேட்டுதான். ஒருநாளு நல்ல மழ. மெயின் கேட்டுல ஒதுங்குனா. வாட்ச்மேனு போட்டான் பாரு சத்தம், ரோட்ல போறவன் நின்னு பாத்தான். அதுலேர்ந்து பெரிய கதவு எதப் பாத்தாலும், பக்கத்துல சின்னது இருக்குதான்னு அவ காலு தேடும். பேங்குல அப்படி. கல்யாண மண்டபத்துலயே சமையக்கட்டு வழியாத்தான் பூருவா. நான் கண்டுக்கினது இல்ல. மில்லுல கூட திரும்பிப் பாக்க மாட்டேன். பாத்துக்கினு நின்னா பஞ்சிங் லேட்டாவும்.

கப்பல்லயும் பாக்கல. தட்டெடுத்து மூணு இட்லி துண்ணு முடிச்சேன். அப்பறந்தான் எதிர்ல சீட்டு காலியா இருக்கறது தெரிஞ்சிது. பாத்ரூமுக்குப் போயிருப்பான்னு அவளுக்கு ரெண்டு வாங்கி வச்சேன். வரல. ரூமுல இல்ல. மொட்ட மாடில இல்ல. கரடிகிட்ட இல்ல. சரவணகுமாரு மூஞ்சி வெளுத்துடுச்சி.

வெள்ள சட்ட ஆபீசருங்க வந்தாங்கோ. போட்டோ கேக்குறாங்கோ. ஒருத்தன் இந்தில கேக்குறான், எம்புள்ள தமிழ்ல சொல்றான்: நைனா, அம்மாவுக்கும் உனக்கும் சண்டயான்னு கேக்குறாங்கோ. மனசு செரியில்லாம இருந்தாங்களான்னு கேக்குறாங்கோ. எதுக்கு அத்தக் கேக்குறான்னு ஒரு நிமிசம் புரியல. அப்பறம் கம்பி கிட்ட நின்னுக்கினு கீழ எட்டிப் பாத்துக்கினு இருந்த இன்னொருத்தனப் பாத்தேன். புரிஞ்சிது. அப்பத்தான் நானும் கடலப் பாத்தேன், எபினேசரு. எவ்ளோ தண்ணி. கப்பல்ல ஏறி அதான் மொதத் தடவ நெஜமாப் பாக்குறேன்.

இன்னா பண்ணேனா? இன்னா பண்ணுவாங்கோ. கைல அந்த ரெண்டு இட்லி. கீழ வைக்கத் தோணல. அந்தத் தட்டத் தூக்கிக்கினே மாடி மாடியா நடந்தேன். மைக்குல அவ பேரச் சொல்றான். பொறந்ததுலேர்ந்து அவ பேர மைக்குல யாரும் சொன்னதில்ல. கேட்டிருந்தாலும் வேற எவளோன்னுதான் இருந்திருப்பா.

அவ எங்க இருந்தா தெரியுமா? அடியில. அந்த சின்ன கதவுக்கு அந்தாண்ட இரும்புப் படி. கார்பெட்டு கெடையாது, கண்ணாடி கெடையாது, பைப்பு, ஆவி, மிசினு சத்தம். மில்லுக்குள்ள வந்தா மாதிரியே இருந்துச்சின்றா. அப்பாடான்னு இருந்துச்சாம் அவளுக்கு! எறங்கிக்கினே போயி துணி தொவைக்கிற எடத்துல நிக்கிறா. அங்க யாருக்கும் இவ பேச்சு புரியல. மைக்குல சொன்னதும் அந்த எரச்சல்ல கேக்கல. சேரு போட்டுக் குடுத்திருக்காங்கோ. குந்தலியாம். சும்மா இருக்கறதுக்கு, பக்கத்துல குமிஞ்சி கெடந்த துண்ட மடிக்க ஆரம்பிச்சிட்டா. டிக்கெட்டு வாங்கினு போயி கப்பல்ல வேல செஞ்சவளப் பாத்திருக்கியா? எங்கூட்டுல இருக்கா.

அங்க வேல செய்ற பொண்ணுங்க எல்லாம்... இன்னா, மூஞ்ச ஜன்னல் பக்கம் திருப்பிக்கின? கப்பல்ல வேல செய்ற பொண்ணுன்னாலே உனக்கு ஒத்துக்காது. தெரியும். தெருவுக்கே தெரியும். ஊத்திக் குடுக்குற வேலைக்கிப் போறவ இந்தப் படி ஏறக்கூடாதுன்னு நடு ரோட்ல நின்னு உம்பொண்ணு ஷைனிகிட்ட நீ கத்தல? நானும்தான் கதவுல நின்னு கேட்டேன். ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்கினா கோச்சிக்க. நீ ஃபோர்க்லிஃப்டுல ஏத்தி எறக்குறியே பாட்டிலு, அதுல ரோஸ் மில்க்கா ஊத்துறான் உன் கம்பெனிக்காரன்? அந்த சம்பளத்துலதான ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வெள்ள சட்ட போட்டுக்கினு போற? செரி செரி. குரல ஒசத்தாத. பொட்டில நாலு பேரு பாக்குறான்.

அந்த எடத்துல எவளும் ஊத்திக் குடுக்கல. துணி தொவைக்கிறாங்கோ, மடிக்கிறாங்கோ. அந்த சூட்டுல ஒரு மணி நேரம் நின்னீன்னா நீ எங்க மில்லு ஃபர்னஸ் பக்கமே தேவலன்னுவ. அதுல ஒரு பொண்ணு, கன்னியம்மா வாயத் தொறந்து ஏதோ மொணகுனதக் கேட்டுட்டு, அப்படியே துணிய போட்டுட்டு ஓடியாந்துச்சாம். நம்ம பக்கத்துப் பேச்சு. கைய புடிச்சிக்கிச்சாம். டீ குடுத்துச்சாம். மேல தேடுறாங்கன்னு தெரிஞ்சதும் இட்டுக்கினு கெளம்பிடுச்சி.

இங்கதான் கேளு. கன்னியம்மா, வந்த படியிலியே ஏறிக்கிறேன்மான்னு இருக்கா. அந்தப் பொண்ணு ஒத்துக்கல. நீங்க டிக்கெட்டு வாங்கினு வந்தவங்க, முன்னாடி வழியாத்தான் போவணும்னு, பெரிய லிஃப்டுல ஏத்தி, நடு ஹாலு வழியா, கோட்டு போட்டவன் ரெண்டு பேரு நிக்கிற அந்தக் கண்ணாடிக் கதவுலியே கூட்டியாந்துச்சி. வேலைக்காரங்க அந்த லிஃப்டுல ஏறக்கூடாதாம். வேர்த்த யூனிஃபார்மோட அந்தப் பக்கம் வரவே கூடாதாம். வந்துச்சி. சூப்பர்வைசரு எங்க எதிர்லியே காச்சி எடுத்துட்டான். அது தலய குனிஞ்சிக்கினு கேட்டுக்கிச்சி, ஆனா இவ கையக் கடசி வரைக்கும் உடல.

நானா? நான் இன்னா சொன்னேன். எங்கடி பூட்ட, இட்லி ஆறிப்போச்சின்னேன். வேற இன்னா சொல்லுவாங்கோ. வாங்கித் துண்ணா.

அந்தப் பொண்ணு என்னப் பாத்து, பெரிப்பான்னுது.

இன்னா எந்திரிக்கிற? குந்து. ஓட்ற ரயில்ல எங்க போவ? கும்முடிப்பூண்டி தாண்டியாச்சி, எலாவூரும் தாண்டியாச்சி. அடுத்தது நம்ம ஸ்டேஷனு. முடிச்சிடறேன்.

பீட்டரு ஏன் அந்தக் கப்பல்லியே உன்ன இட்டும்போவணும்னு நிக்கிறான்னு ரோசன பண்ணியா? நீ பண்ண மாட்ட. உம்பொண்டாட்டி விக்டோரியாவுக்கும் தெரியும். உன் ஊட்ல உன்னத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அண்ணி எங்கன்னா கேக்குற? இப்பத்தான் கேக்கத் தோணுதா? லேடீஸ் பொட்டில வரா. தனியா உட்டுட்டு வருவனா இனிமே? கூட ஆளு இருக்குது. அதுக்கும் லீவாம். எல்லாரும் எறங்கினப்பறம் ஒரு பொட்டியோட ஆர்பர் வாசல்ல நின்னுக்கினு இருந்துது. சிநேகிதி ஊட்ல தங்கிக்கிறேன்னுது. கன்னியம்மா உடல. எங்கூட்டுக்கு வான்னு இட்டாரா. எங்கூட்டுக்கும் உங்கூட்டுக்கும் நடுவுல ஒரு சொவருதான், நான் இன்னா பண்றது? உன் படி ஏறக்கூடாதுன்னு சொன்ன. என் படிய நீ ஒண்ணும் சொல்ல முடியாது.

ஆரம்பாக்கம் வந்துடுச்சி, பைய எடு. அவங்க எறங்குறாங்கோ பாரு. பொட்டி நல்ல கனம், நான் தூக்க மாட்டேன், எனக்கு இடுப்பு புடிச்சிக்கும். நீ தூக்குறதுன்னா தூக்கு, இல்லன்னா அந்தாண்ட வழியா எறங்கிப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாரு கண்டுபுடிச்சாங்கன்னு கடசீல சொல்றேன்னு சொன்னேன். சொல்லிட்டு எறங்குறேன்.

ஷைனி.