அடங்காத பெரட்டு மணி

விடிய இன்னும் நேரம் இருந்தது. பீடோர் டவுனுக்கு உள்ளே தள்ளி, ரப்பர் காட்டுச் செம்மண் சடக்குப் பாதை... ஆள் நடமாட்டம் கிடையாது. பெரட்டு மணி அடிக்கத் தனியாகப் போனார் பத்துமலை. இதைச் சொன்ன நம்ம நவமணிக்குச் சித்தப்பா முறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருசம் நடந்தது.

பெரட்டுக்கு ஆட்களைப் பெயர் கூப்பிடும் இடத்தில் மணிக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கம்பி தொங்கியது. நிக்கலும் கோபால்ட்டும் கலந்து உருக்கியதாம், மிஷின் துரை கொடுத்தது. அடித்தால் ‘டொக்’... அவ்வளவுதான், ஓசை செத்துவிடும். பத்துமலையின் தங்கச்சி புருசன், இஞ்சின் ஓட்டிய அப்பாவு மட்டும் தன் லாடக் காந்தத்தைக் கம்பியில் படாமல் கிட்டே பிடிப்பார். அப்போது அடித்தால் ‘ஞொய்ங்ங்ங்...’ ஆட்கள் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்கும்.

“உள்ளுக்குள்ளயே ஒரசி ஒரசிச் சத்தத்தத் தின்னுது மச்சான். காந்தம் வந்தா ஒரசல் அடங்கிடும். என்னயக் கண்டா ஒன் தங்கச்சி அடங்குற மாதிரிலா.”

“அவ அடங்குனத யாரு பாத்தா?” என்பார் பத்துமலை.

அந்த அப்பாவு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவர் பெண்சாதி இருளாயிக்கு அப்போது நிறைமாதம். “எம்புள்ளையத் தூக்காமப் போகமாட்டேன்...” கடைசிப் பேச்சு அதுதான். புழங்கிய சாமான் கூடவே போகட்டும் என்று காந்தத்தை அவர் நெஞ்சுமேல் வைத்துப் புதைத்தார்கள்.

பிள்ளை பிறந்தது. பேய் அண்டாமலிருக்கத் தலைமாட்டில் பால்வெட்டுக் கத்தி. இரும்பு இருக்கிறதே... அந்தத் தைரியத்தில்தான் பத்துமலை தங்கச்சியைத் தனியே விட்டு வந்திருந்தார்.

கம்பியை அடித்தார்.

‘ஞொய்ங்ங்ங்ங்...’

கை நின்றது. ஓசை நிற்கவில்லை. பக்கத்தில் யாருமில்லை. ஈரமண் வாடை... அதோடு இஞ்சின் எண்ணெய் வாடை.

இன்னொரு தடவை அடித்தார். ‘டொக்.’

காந்தம் விலகிப் போய்விட்டது. மூச்சு விட்டார். அப்புறம்தான் உறைத்தது... எங்கே போயிருக்கும்?

ஓடினார். இருளாயி கதவைத் திறந்ததும் உள்ளே புகுந்து இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டார்.

“என்னண்ணே, இப்புடி வேர்த்து ஊத்துது?”

“ஒன்னுமில்ல. புள்ளைய மடியில எடுத்துக்க.”

தலைமாட்டில் ‘கிர்ர்ர்’... கத்தி பாயை விட்டு இறங்கியது. தரையைக் கீறிக்கொண்டே ஊர்ந்து போய்க் கதவுப் பலகையில் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. யாரும் தொடவில்லை.

“மச்சான்... வேணாம்” என்றார் பத்துமலை, கதவைப் பார்த்து.

பலகை இடுக்கு வழியாக எண்ணெய் வாடை உள்ளே வந்தது.

தாழ்ப்பாள்... மெதுவாக... நகர ஆரம்பித்தது.