மூணு மணி நேர மூச்சு

— சுவத்துலேருந்து பிளக்கை உருவிட்டேன், டிரைவரம்மா. பதறாம மூச்சு விடு.

— உருவிட்டீங்களா? மிஷின் ஓடிக்கிட்டுதானே இருக்கு.

— அதான் மேட்டரே. உன் ஆக்சிஜன் மிஷின் இப்ப சுவத்துக் கரண்ட்ல ஓடல. இதோ, இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற பேட்டரியில ஓடுது. மூக்குல காத்து வருதா?

— வருது. நேத்து வந்த அதே காத்துதான். ருசி ஒண்ணும் மாறல.

— கிண்டல் பண்ணு, பண்ணு. ரெண்டு வருஷமா இந்த ரூமுக்குள்ள உன்னைக் கட்டிப்போட்டிருந்த கயித்தை அவுத்து விட்டிருக்கேன். இனிமே நீ எங்க போறியோ, மிஷினும் பேட்டரியும் பின்னாலயே உருண்டு வரும்.

— பெட்டி நம்ம பெரிய சூட்கேஸ்தானே? அதுக்குள்ள இருந்த என் துணியெல்லாம் எங்க?

— கட்டில்ல குவிச்சு வச்சிருக்கேன்.

— ஒரு பொருள் இருந்த இடத்துல இருந்தா உங்களுக்கு ஆகாதே, மெக்கானிக் சார். அன்னிக்கு வாஷிங் மிஷின் மோட்டாரைக் கழட்டி ஃபேன் பண்ணீங்க. வீடே பறந்துடும்னு நினைச்சேன்.

— பறக்கலல்ல? இன்னிக்கும் ஓடுதுல்ல? இங்க கவனி. ஓடாதுன்னு தூக்கிப்போட்ட கரண்ட் ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரிச்சா, உள்ள பத்துக்கு ஏழு செல்லு நல்லாத்தான் இருக்கும். ரெண்டு மூணு செல்லு மக்கர் பண்ணுதுன்னு மொத்தத்தையும் குப்பைக்கு அனுப்பிடறாங்க. நான் ஒவ்வொண்ணா சார்ஜ் ஏத்தி, இறக்கி, சூடாகுதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்து...

— நடுவுல என்னையும் ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கலாம்.

— உன்னைத் தொட்டா ஷாக் அடிக்கும். எர்த் கிடையாது உனக்கு.

— சிரிக்க வைக்காதீங்க. இருமல் வருது.

— சரி, சரி. மெதுவா. தண்ணி குடி. இந்தப் பேட்டரியே இனிமே பழசுதான், தெரியுமா? உப்புலேருந்து எடுக்கிற சோடியத்துல பேட்டரி பண்றாங்க. ஒரு ஊர்ல மணலைச் சூடாக்கிக் கொட்டி வச்சு, குளிர் காலத்துல வீடு வீடா வெந்நீர் அனுப்பறாங்க. வெறும் மணலு. கேட்கவே எப்படி இருக்கு பாரு.

— ஊருக்கு அப்புறம் வெந்நீர் போடலாம். இது எவ்வளவு நேரம் ஓடும்?

— மூணு மணி நேரம். மேல மீட்டர்ல பாரு, போட்டிருக்கு.

— மூணு மணி நேரம்.

— கடற்கரைக்குப் போலாம்னு நினைச்சேன். டாக்சிக்குச் சொல்லியாச்சு. போக அரை மணி, வர அரை மணி. நடுவுல ரெண்டு மணி நேரம் அலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்.

— கடல் வேணாம்.

— அப்ப பஸ் டெப்போ? அதுதான் கேட்பன்னு எனக்குத் தெரியும். உன் வண்டி இன்னும் ஓடுதாம். புதுசா வந்த பையன் கிளட்ச்சைப் போட்டு மிதிமிதின்னு மிதிக்கிறானாம்.

— இருபத்தாறு வருஷம் ஓட்டினேன். படுத்தா இன்னும் வலது காலு பிரேக்கைத் தேடுது. ஆனா டெப்போவும் வேணாம்.

— பின்ன எங்கதான் போகணும்?

— பாப்பா வீட்டுக்கு.

...

— என்ன, முடுக்கின ஸ்க்ரூவையே திரும்ப முடுக்கறீங்க?

— நாலு வருஷமா இந்த வீட்ல அந்தப் பேரை எடுக்கக் கூடாதுன்னு சொன்னவ நீ.

— சொன்னேன். வேற என்ன சொல்லுவேன்? பெத்த பொண்ணு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டதை என் பஸ்ல ஏறின ஒரு பாசஞ்சர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். "மாப்பிள்ளை நல்ல உயரம்"னு சொல்லிட்டு இறங்கிப் போறான். அடுத்த ஸ்டாப்பிங் வரைக்கும் எனக்கு ரோடே தெரியல.

— அதுக்கு அவ வந்து வாசல்ல நின்னப்ப நீ சொன்னது...

— "என் மூச்சு நின்னாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்." மறப்பேனா? அந்த வார்த்தைதான் என் நெஞ்சுல உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்குது.

— அது வார்த்தை இல்லம்மா. நுரையீரல். என்ஜின் பக்கத்துல உக்காந்து குடிச்ச புகை.

— உங்களுக்குப் புகை. எனக்கு அதுதான். அவளுக்குத் தெரியுமா, நான் இப்படிக் கிடக்கிறது?

— நீதான் சொல்லக் கூடாதுன்ன. அவ நம்பர்கூட...

— இருக்குன்னு தெரியும். டெஸ்டர் டப்பா மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கீங்க. கீழயே அட்ரஸும் இருக்கு. நீங்க கடைக்குப் போனப்ப திறந்து பாத்தேன்.

— எத்தனை தடவை?

— மனப்பாடம் ஆகிற அளவுக்கு.

— கவனி, நான் சொல்றதைக் கேளு. அவ இருக்கிற இடம் கிட்ட இல்ல.

— ரூட்டை என்கிட்டயே சொல்றீங்களா? ஊருக்குள்ள போகாம பைபாஸ்ல போனா ரெண்டரை மணி நேரம். நடுவுல ஒரு ரயில்வே கேட்டுதான்.

— போறதுக்கு ரெண்டரை. திரும்பி வர?

— அவ வீட்ல பிளக் பாயின்ட் இருக்கும்ல?

— கதவைத் திறந்தாத்தானே பிளக் பாயின்ட்? உன் மக உன்னை மாதிரி. திறக்கலன்னா?

— திறக்கலன்னா வாசல்ல உக்காருவேன். அரை மணி நேரம் காத்து மிச்சம் இருக்கும்ல? அதுக்குள்ள கதவு இடுக்குல பேசிடுவேன்.

— என்ன பேசுவ?

— தெரியல. "உயரமாத்தான் இருக்காரா உன் வீட்டுக்காரர்?"னு கேட்பேன். அதுலேருந்து ஆரம்பிச்சுக்கலாம்.

— ஒரு மூணு மாசம் பொறு. இதே மாதிரி இன்னொரு பெட்டி கட்டிடறேன்.

— மூணு மாசம் என்கிட்ட இருக்கான்னு உங்க மீட்டர்ல பாத்துச் சொல்லுங்க.

— அப்படியெல்லாம் பேசாத.

— நான் பேசலங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்த டாக்டர் பேசினாரு. நீங்க மிஷின் ஃபில்டரைத் துடைக்கிற சாக்குல வெளிய போயிட்டீங்க. நான் முழுசாக் கேட்டேன். எனக்கு இப்ப சாவு பயம் இல்ல. அவ குரல் எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு. அதுதான் தாங்க முடியல.

— ...டிரைவரம்மா.

— சொல்லுங்க.

— ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது.

— எதை உடைச்சீங்க?

— உடைக்கல. இந்தப் பேட்டரி மூணு மணி நேரம் இல்ல. ஆறு மணி நேரம் ஓடும்.

— மீட்டர்ல மூணுன்னுதானே இருக்கு?

— பாதிதான் காட்டணும்னு நான்தான் செட் பண்ணி வச்சேன். போன வாரம் உன் மிஷின் எவ்வளவு கரண்ட் இழுக்குமோ அந்த அளவுக்கு பல்பு மாட்டி எரிய விட்டுப் பாத்தேன். ஆறு மணி நேரம் பத்து நிமிஷம் நின்னு எரிஞ்சுது.

— எதுக்கு இந்தப் பொய்?

— கடலுக்குப் போக மூணு மணி நேரமே ஜாஸ்தி. போக ரெண்டரை, வர ரெண்டரை, அவ வாசல்ல நிக்க ஒரு மணி. அந்தக் கணக்கு வச்சுத்தான் முதல் செல்லையே கோத்தேன். ஆனா நானா கூப்பிட்டா நீ வீம்புக்கு மாட்டேம்ப. உன் வாயால வரட்டும்னு இருந்தேன். வந்தப்புறமும் நிஜமாத்தான் கேக்கிறியான்னு பாக்க ரெண்டு முட்டுக்கட்டை போட்டேன்.

— எட்டு மாசமா அந்த மூலையில உக்காந்து இதுக்குத்தான் வயரைச் சுட்டு ஒட்டிக்கிட்டு இருந்தீங்களா?

— கரண்ட் விஷயம் எனக்கு வரும். இந்த மாதிரி விஷயம் எனக்குப் பேச வராதே.

— கிட்ட வாங்க. அந்தக் கையைக் குடுங்க. ஷாக் அடிக்காது.

— அழாத. மூச்சு வாங்கும்.

— அழல. போனைப் போடுங்க அவளுக்கு.

— இப்பவா? என்னன்னு சொல்ல? நாங்க போக வர பேட்டரி இருக்கு, உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, வாசல்லயே பாத்துட்டுத் திரும்பிடறோம்னு சொல்லட்டுமா?

— வேணாம். மூணு மணி நேரம்தான் ஓடும், அவ வீட்டு பிளக் பாயின்ட் வேணும்னு சொல்லுங்க.