ஆறாவது பாட்டின் வேகம்

அந்த ஆல்பத்தில் முதல் ஐந்து பாட்டும் சுமார்தான், சார். பதிவு செய்தவன் நானே என்றாலும், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று பேச எனக்கு வராது. கிடாரின் கனம் நன்றாக விழுந்திருக்கிறது, தரை அதிர்வது காலில் தெரியும். அது நிறை. குறை, வேகம். சைக்கடெலிக் ஸ்டோனர் ராக் என்றால் பாட்டு கெட்டியாக, மெதுவாக நகர வேண்டும். கேட்பவனுக்குக் கிறக்கம் வர வேண்டும். வாசித்துப் பாடிய செம்பியனோ சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவன், வெற்றிலைகூடப் போடாதவன். கிறக்கத்துக்கு அவன் எங்கே போவான்?

செம்பியன் என் மனைவி பிரிசில்லாவின் தம்பி, கடலூரில் செல்போன் கடையில் இருந்தான். பக்கத்துக் குடிகாட்டில் ஒரு பழைய தகரக் கொட்டகையில்தான் பதிவு. அவன் உள்ளே வாசிப்பான், நான் வெளியே தாழ்வாரத்தில் ஹெட்போனும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்திருப்பேன். கனமான சுரம் விழும்போதெல்லாம் தகரக் கதவு கடகடக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் வெளியே தாழ் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். அதில் எந்த உள்நோக்கமும் கிடையாது.

அன்று மதியம் கரண்ட் இல்லை. 2012இல், நெய்வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு எப்போது இருந்தது? மழை தூறியதால் ஜெனரேட்டரைக் கொட்டகையின் பின்னறையில் வைத்தோம். நடுச்சுவர் கூரை வரை எட்டாது. செம்பியன்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான்.

இரண்டு தடவை வாசித்தான். அதே ஓட்டம். மூன்றாவது தடவை வேகம் தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொரு சுரத்திலும் தங்கித் தங்கிப் போயின, குரல் குழைந்தது. இரண்டு வருஷம் கெஞ்சியும் வராதது அன்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்பதாம் நிமிடத்தில், "மாமா, தல கிறுகிறுன்னு வருது. போதுமா?" என்றான்.

"இன்னும் ஒரு சுத்து மச்சான். நல்லா வருது."

"நீங்க சொன்னா சரிதான் மாமா."

அவன் நம்பியதில் நியாயம் உண்டு. தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. மூடிய இடத்தில் எஞ்சின் ஓடினால் வரும் வாயுவுக்கு வாசனை கிடையாது, முதலில் தலை சுற்றும், பிறகு கை கால் தளரும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான்தான்.

விபத்து என்று எழுதிக் கேஸை முடித்தீர்கள். சிதம்பரத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஆறாவது பாட்டைப் போட்டபோது, அவன் முகம் பார்த்திராத மாணவர்கள்கூட அழுதார்கள். பிரிசில்லா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி இப்பிடிப் பாட மாட்டான். கடசீல என்னமோ வெட்டியிருக்கீங்க" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

அன்றிலிருந்து நான் போட்ட காப்பியைக்கூட அவள் தொடவில்லை. நான் குளிக்கப் போனால் கம்ப்யூட்டரைத் திறப்பாள். வெட்டாத பதிவை எடுத்து உங்களிடம் கொண்டுவந்தவள் அவள்தானே. சந்தேகப் புத்திக்கு மருந்தில்லை.

வெட்டியது உண்மை. அவன் கிடாரைக் கீழே வைத்த பிறகும் ஆம்ப்ளிஃபயர் இரைந்துகொண்டே இருந்தது. அப்படியொரு முடிவைத் திட்டம் போட்டு வாசிக்க முடியாது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். நடுவில்தான் அவன் கதவைத் தட்டினான். பதினோரு தட்டு. இரண்டு முறை "மாமா" என்றான். தாழ் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஒரு தட்டுகூடத் தாளத்தில் விழவில்லை, சார். அதனால்தான் வெட்டினேன். கேட்டிருந்தால் செம்பியனும் வெட்டத்தான் சொல்லியிருப்பான்.