ஒன்பதாம் நாள் வெளியிட்ட குரல்

அவைக்குத் தலைமையேற்று அமைதியாய் வீற்றிருக்கும் அம்மையார் அவர்களே! ஊதியம் கேளாமல் உழைத்து, உலகுக்கே நிரல்களை வாரி வழங்கும் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பெற்றெடுத்த பிள்ளையைக் கணினிக்குத் தாரைவார்த்துவிட்டுத் தவிக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனி நான் சொல்லப்போவதில் சிரிக்க இடமில்லை.

தட்டெழுதினால் பேசும் நம் செயலியின் ஏழாம் பதிப்பை இன்று வெளியிடுகிறோம். பேச்சிழந்தவர்களுக்கு அதுவே நாக்கு, அதுவே நாதம். அதற்கு எப்போதும் இரண்டு பதிப்புகள் உண்டு. புதுமைகளைப் போட்டுப் பார்க்க ஒரு சோதனைப் பதிப்பு. மக்கள் நம்பிப் பயன்படுத்த ஒரு நிலைப் பதிப்பு. எந்தப் புதுமையும் ஆறு வாரம் சோதனையில் கிடந்த பிறகே நிலைப் பதிப்புக்குள் நுழையலாம். அந்த விதியை எழுதியவன் நான். மீறியவனும் நான்!

மூன்றாண்டுக்கு முன் மனிதக் குரல் போலவே இழையும் ஒரு புதுக் குரலைச் செய்தேன். மறுநாள் ஒரு மாநாடு. அங்கே மார்தட்டிக்கொள்ள வேண்டும் என்ற மயக்கம். எங்கள் குழுவில் பதிப்புகளைச் சரிபார்க்கும் தங்கை ஒருத்தி தடுத்தாள்.

"அண்ணே, ஒன்பது நாள்தான் ஆகுது. பழைய போன்ல இன்னும் ஓட்டியே பாக்கல."

"என்ன ஆயிடப் போகுது?" என்றேன். நிலைப் பதிப்பிலேயே சேர்த்து வெளியிட்டுவிட்டேன்.

என்ன ஆகிவிடப் போகிறது! அந்த மூன்று சொல்லை நான் விழுங்கியிருக்கக் கூடாதா?

பேருந்து நடத்துநர் ஒருவர். முப்பது ஆண்டு நிறுத்தங்களைக் கூவிக் கூவி அழைத்த குரல் அவருடையது. தொண்டையில் புற்றுநோய், அறுவையோடு குரல் போயிற்று. அதன்பின் அவர் மனைவியோடு பேசியதெல்லாம் நம் செயலி வழியாகத்தான். அதன் இயந்திரக் குரலையே அந்த அம்மா தன் கணவர் குரலாகப் பழகிக்கொண்டார்.

நான் வெளியிட்ட அன்று அந்த அம்மா மருத்துவமனையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கண் திறக்கவில்லை. "பேசுங்க சார், அவங்களுக்குக் கேக்கும்" என்றார் செவிலியர். இவர் எழுதினார், பொத்தானை அழுத்தினார். காலையில் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்த அந்தப் பழைய போன் பேசவில்லை. மீண்டும் அழுத்தினார். பேசவில்லை! அணைத்துப் போட்டார், பேசவில்லை!

செவிலியரே திரையைப் பார்த்துப் படித்தார்: "நான் இங்கதான் இருக்கேன்."

கேட்டது யாரோ ஒரு பெண்ணின் குரல். அந்த அம்மா முகத்தைத் திருப்பி, "அவரு வரலையா?" என்றார்.

கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார் அவர். பிற்பகலில் அந்த அம்மா போய்விட்டார்.

பொறுங்கள், தம்பி. தண்ணீர் வேண்டாம். சொல்லி முடித்துவிடுகிறேன்.

அந்த அம்மா போன பதினாறாம் நாள் அவர் எங்கள் அறைக்கு வந்தார். போனில் பழைய பதிப்பைப் போட்டிருந்தார். "யாரு அவசரப்பட்டது?" என்று கேட்டது அந்த இயந்திரக் குரல்.

"நான்தாங்கய்யா. இனிமே புதுசா எதுவும் செய்ய மாட்டோம். எல்லாத்தையும் நிறுத்திடறோம்."

தலையை ஆட்டி மறுத்தார். ஒவ்வோர் எழுத்தாய் நெடுநேரம் தட்டினார்.

"நிறுத்தாதீங்க. இந்தக் குரலும் ஒருநாள் புதுசுதானே? யாரோ சோதிச்சுப் பாத்ததாலதான் நான் இத்தனை நாள் அவகூடப் பேசினேன். சோதனைப் பதிப்பை இனிமே என் போன்ல போடுங்க. நின்னு போனாலும் பரவாயில்ல. அவசரமாப் பேச எனக்கு இனி யாரும் இல்ல."

தோழர்களே! புதுமை வேண்டாம் என்பேனா? மாட்டேன். தேங்கிய மென்பொருள் செத்த மென்பொருள். ஆனால் தெரிந்தே தோள்கொடுக்க வந்தவர் வேறு. நம்மை நம்பி நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் வேறு. முன்னவரிடம் துணிந்து சோதியுங்கள்! பின்னவரிடம் கேளாமல் ஒரு வரியையும் மாற்றாதீர்கள்!

இன்றைய பதிப்பின் புதுக் குரலை மூன்றாண்டு சோதித்தவர் அவரே. பிழை சொல்லி நாற்பத்தோரு கடிதம் எழுதினார். மேடைக்கு அழைத்தேன்; மறுத்துவிட்டார். "நிலைப் பதிப்பு இப்ப உங்களுக்கும் போடட்டுமா?" என்று நேற்றுக் கேட்டேன். "வேணாம். அடுத்த சோதனையை அனுப்புங்க" என்று எழுதினார்.

கலங்கிய கண்களோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.