எதிர்த்த கடையில வித்தது

இல்ல மேடம், அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க. காலிப் பெட்டிதான், ஆனா என் கடையில இருக்கறதுலயே உறுதியான சாமான் அதுதான். ஆமா, கம்ப்ளைண்ட் குடுத்தது நான்தான். பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்லன்னாங்க உங்க எக்சைஸ் ஆஃபீஸ்ல. நானாத்தான் சொன்னேன். மொட்டைக் கடுதாசி போடற ஆளு இல்ல நான்.

எதிர்த்தாப்ல பச்சை போர்டு தெரியுதே, அந்தக் கடைதான். செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலேகால். ஒரு பொண்ணு, ஸ்கூல் பையோட உள்ள போச்சு. ஆறு நிமிஷம். வெளிய வரும்போது கையில பேப்பர் சுத்தின சாராய பாட்டில். வயசு பதினாறு. பதினாறு முடிஞ்சு நாலு மாசம். எப்படித் தெரியும்னா... இருபத்திரண்டு வருஷமா மூஞ்சியப் பாத்து வயசு சொல்றதுதானே மேடம் என் பொழப்பு. நாலு மாசம்கூடவா மூஞ்சியில எழுதியிருக்கும்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. சொல்றேன். அந்த இடத்த மட்டும் இப்போதைக்குக் காலியா விட்டுட்டு மேல எழுதுங்க.

சுவத்துல மாட்டியிருக்கறது என் சர்டிபிகேட். லைசென்ஸ் பரீட்சை. எங்கப்பா கடையில நாங்க ரெண்டு பேரும் நின்ன காலத்துல, கடை சாத்தினப்புறம் ராத்திரி ஸ்கூலுக்குப் போய் உக்காந்து படிச்சது. தம்பி அந்த நேரத்துல குறட்டை விடுவான். எந்தத் தம்பியா? அவன்தான் மேடம், பச்சை போர்டு. கூடப் பொறந்தவன். முன்னாடியே சொல்லியிருக்கலாம்தான். நீங்க கேக்கல, நானும் விட்டுட்டேன்.

அப்பா போனதும் ஆளுக்கு ஒரு கடைன்னு ஆச்சு. எனக்கு பஸ் ஸ்டாப் பக்கம், அவனுக்கு எதிர்ப்பக்கம். எனக்குத்தான் நல்ல இடம்னு ஊரே சொல்லிச்சு. நீங்களே பாருங்க, பஸ் நிக்குது. இறங்கறாங்க, என் வாசல்லதான் இறங்கறாங்க. இப்ப பாருங்க... அந்த மஞ்சச் சட்டைக்காரரு. ரெண்டு பக்கமும் வண்டி வருதான்னு பாத்து, உயிரக் கையில பிடிச்சிட்டு, ரோட்டத் தாண்டி அவன் கடைக்குப் போறாரு. அதே பாட்டில்தான் இங்கயும் இருக்கு. அதே விலைதான். தினமும் இதப் பாக்கறேன் மேடம். டிவி எதுக்கு.

பேச்சு வார்த்தை இல்ல. ஆறு வருஷம் ஆச்சு. காரணம் கேட்டா சிரிப்பீங்க. அவன் மச்சினன் என் கடைக்கு வந்தான், நான் வயசுக்கு அத்தாட்சியா கார்டு கேட்டேன். அவனுக்கு இருபத்தேழு வயசு, ஆனா மொகத்துல ஒரு முடி கிடையாது, நான் என்ன பண்றது? கார்டு இல்லன்னான், சரக்கு இல்லன்னுட்டேன். என் சொந்தக்காரன அவமானப்படுத்திட்டேன்னு தம்பி வந்து கத்தினான். சட்டத்துக்கு முன்னாடி மச்சினன் என்ன, மாமன் என்னன்னு நானும் கத்தினேன். சட்டத்துக்காகத்தான் கேட்டீங்களான்னா... பாதி சட்டம். மீதி பாதி, அந்த மச்சினன் அன்னிக்கு தம்பி கடையில சரக்கு தீர்ந்துபோச்சுன்னுதான் இங்க வந்திருந்தான். இல்லன்னா எட்டிப் பாக்க மாட்டான்.

தம்பி அடிக்கடி சின்னப் பசங்களுக்கு விப்பானான்னு கேக்கறீங்களா? அங்கதான் மேடம் விஷயமே. விக்க மாட்டான். ரெண்டு வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்து கண்ணாடி வழியா அதத்தான் பாத்துட்டு இருந்தேன். இன்னிக்கு விப்பான், நாளைக்கு விப்பான்னு. ஸ்கூல் பசங்க கும்பலாப் போவாங்க. ஏதோ சொல்லுவான். பசங்க சிரிச்சுட்டே வெளிய வருவாங்க, வெறுங்கையோட. நான் இல்லன்னு சொன்னா வாசல்ல துப்பிட்டுப் போறானுங்க. அவன் இல்லன்னு சொன்னா டாட்டா காட்டிட்டுப் போறானுங்க. ஒரே சட்டம், ஒரே ரோடு. இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்க.

அவன் சிரிக்கறது இங்க தெரியும், சத்தம் கேக்காது. சத்தம் கேட்டாலாவது மொக்க ஜோக்குன்னு சமாதானம் ஆயிக்கலாம். கேக்காத சிரிப்பு ரொம்பப் படுத்தும் மேடம்.

அம்மா அவன்கூடதான் இருக்கு. சரி, மாடிப்படி ஏற முடியல, அவன் வீடு கீழ்த்தளம், போகட்டும். என் வீட்டுக்காரி அவன் கடையில கண்ணாடி பளபளன்னு இருக்குங்கறா. போகட்டும், துடைக்கறான், இருக்கு. எனக்கு ஒரே பொண்ணு. போன மாசம் சாப்பிட்டுட்டு இருக்கும்போது சொல்லுது, அப்பா, சித்தப்பா மாதிரி நீங்களும் கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன. அவ்வளவுதான் சொல்லிச்சு. கோவமா கூட சொல்லல. எனக்குக் கையில இருந்த சோறு வாய்க்குப் போகல. வியாபாரம் போச்சு, கூட்டம் போச்சு, அம்மா அங்க போச்சு. இதுவுமான்னு இருந்துச்சு.

வயசா? என் பொண்ணு வயசுதானே? எழுதிக்கோங்க மேடம். பதினாறு. முடிஞ்சு நாலு மாசம்.

ஆமா. அதேதான். என் பொண்ணுதான்.

இல்ல, தண்ணி வேணாம், நீங்க குடிங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.

அது குடிக்கறதுக்கு வாங்கல. அப்படி எழுதிடாதீங்க, ப்ளீஸ். அது அந்த வாசனைக்கே மூக்க மூடிக்கும். நான்தான் அனுப்பிச்சேன். ஸ்கூல் விட்டு வந்துச்சு, பைய இறக்கக்கூட விடல நான். போய் சித்தப்பா கடையில ஒரு பாட்டில் வாங்கிட்டு வாம்மான்னேன். நம்ம கடையிலயே அடுக்கி வச்சிருக்கேப்பான்னு கேட்டுச்சு. நான் கேட்டேன்னு சொல்லு, குடுப்பான்னேன். அதோட மொகத்த நீங்க பாக்கணும் மேடம். அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கப் போறாங்கன்னு நெனச்சுச்சு. ஓடிச்சு. ரோட்டுல வண்டியக்கூட சரியாப் பாக்கல.

அவனுக்கும் சட்டம் தெரியும். குழந்தை கையில குடுக்கக் கூடாது, வீட்டுப் புள்ளையா இருந்தாலும் கூடாது. தெரிஞ்சுதான் குடுத்தான். அப்ப தப்பு அவன் மேலதான்னு நான் நாலு நாளா எனக்கே சொல்லிட்டு இருக்கேன். வித்தவன்தானே பொறுப்பு? அனுப்பினவனும் பொறுப்புதான், தெரியும், சட்டப் புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னுகூடத் தெரியும். ராத்திரி ஸ்கூல்ல அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவன் நான்.

என்ன பாட்டில்னு என் பொண்ணு சொல்லவே இல்லையாம். அவனே மேல் தட்டுல எட்டி எடுத்தானாம், நான் அப்பல்லாம் குடிச்சுட்டு இருந்ததே, அது. உங்கப்பா உண்மையிலயே கேட்டாரான்னு ரெண்டு தடவை கேட்டானாம். அந்த ஆறு நிமிஷமும் அதுக்குத்தான். வயசு கேக்கல, கார்டு கேக்கல. எப்படிக் கேப்பான், பொறந்தப்ப ஆஸ்பத்திரியில என் பொண்ண முதல்ல தூக்கினவனே அவன்தான்.

லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போயிடுமா? ரத்தேவா. சரி. பொண்ணையும் விசாரிப்பீங்களா? தனியாவா? அதுக்கு இன்னும் தெரியாது மேடம், எதுக்கு அனுப்பினேன்னு. நீங்க கேக்கும்போதுதான் தெரியும். ரெண்டு கடைக்கும் நடுவுல கேட் போட்டுடலாம்பா, நடுவுல ரோடு இருக்கறது ஒண்ணுதான் கஷ்டம்னு நேத்து ஜோக் அடிச்சுது. என்கிட்ட அடிச்ச முதல் ஜோக்.

இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு. இது எழுத வேண்டியதில்ல, வேணும்னா எழுதுங்க.

அன்னிக்கு என் பொண்ணு பாட்டிலோட ரோட்டத் தாண்டி வந்துட்டு இருக்கு. நான் இங்கதான், நீங்க உக்காந்திருக்கற இடத்துல நிக்கறேன். தம்பி கடைய விட்டு வெளிய வந்தான். கஸ்டமர் நிக்கறாங்க, அப்படியே விட்டுட்டு வந்தான். படியில நின்னு இந்தப் பக்கம் பாத்து, கையத் தூக்கினான். ஆறு வருஷத்துல முதல் தடவை. நானும் தூக்கினேன் மேடம். எனக்குத் தெரியாமலே கை மேல போச்சு. ஃபோன் அந்தக் கையிலதான் இருந்துச்சு, உங்க ஆஃபீஸ்ல ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுட்டு இருந்தாங்க.

அப்புறம் என்ன. கைய இறக்கி, காதுல வச்சு, அவன் கடை நம்பரச் சொன்னேன்.