ரோலின் முதல் சாண்

ரோல் மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. இதற்கு முன் விசாரிக்க வந்தவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். கணக்கைச் சீட்டில் அச்சடிக்கும் கால்குலேட்டருக்கு வரும் புதுக் காகித ரோலின் நுனியைப் பசை வைத்து ஒட்டி அனுப்புவார்கள். அந்த முதல் சாண் காகிதத்தைக் கத்தரித்து எறிந்துவிட வேண்டும். பிறகு நுனியை நேராக வெட்டிப் பின்பக்கச் சந்தில் செருகிப் பொத்தானை அழுத்தினால் அதுவே இழுத்துக்கொள்ளும். மிச்சக் காகிதத்தை எடுக்கும்போது பின்னால் பிடித்து இழுக்கக் கூடாது, உள்ளே பல்சக்கரம் போய்விடும். முன்பக்கமாகத்தான் உருவ வேண்டும். அவ்வப்போது பிரஷ்ஷால் தூசி தட்டினால் அந்த மெஷின் நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

குழந்தைகள் வார்டில் ஏற்றும் மருந்துப் புட்டிகள் எங்கள் அறையில்தான் தயாராகும். குழந்தையின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று மருந்தாளர் கணக்குப் போடுவார். மெஷின் அதைச் சீட்டில் அச்சடிக்கும். நான் சீட்டைக் கிழித்து, படுக்கை எண் எழுதி, கையெழுத்துப் போட்டு, புட்டியில் ஒட்டிக் கண்ணாடி அறைக்குள் தள்ளுவேன். உள்ளே முகமூடி போட்ட கலவைக்காரர் சீட்டைப் பார்த்து மருந்தைக் கலப்பார். கதவைத் திறக்கக் கூடாது, பேச்சு கிடையாது, எல்லாம் சீட்டுதான். விதிப்படி என் கையெழுத்து படுக்கை எண்ணுக்கு மட்டும். ஆனால் மருந்தின் அளவையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது என் வழக்கம். அது கலவைக்காரருக்கும் தெரியும்.

புதிதாக வந்த மருந்தாளரைப் புயல் என்பார்கள். அவள் வேகம் அப்படி. கெட்டிக்காரி, கணக்கில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஆனால் மெஷின் என்றால் அவளுக்குத் துச்சம். நான் பிரஷ்ஷை எடுத்தாலே சிரிப்பாள்.

"அண்ணே, அது மெஷினா, உங்க வீட்டு மாப்பிள்ளையா? இப்படிச் சீராட்டுறீங்க."

நானும் சிரித்தேன். கேலிக்கெல்லாம் கோபப்பட்டால் வேலை பார்க்க முடியுமா? ஆனால் ஒரு நாள் பெரிய டாக்டர் வந்திருந்தபோது, எல்லார் முன்னிலையிலும் சொன்னாள்.

"சார், இனிமே மெஷினை நானே பாத்துக்கறேன். ரோல் மாத்தறதுக்குள்ள அண்ணன் பொழுதை விடிய வச்சிடறாரு."

டாக்டர் சரி என்று தலையாட்டினார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, மறைக்கவில்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "விடுங்க, வேலை குறைஞ்சா நல்லதுதானே" என்றாள். அதுவும் நியாயம்தான்.

அந்தக் காலையில் ரோல் தீர்ந்திருந்தது. அவள் புது ரோலைப் பிரித்து, முதல் சாணை வெட்டாமல் அப்படியே செருகினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் மெஷினை அவள்தானே பார்த்துக்கொள்கிறாள், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். முதல் சீட்டு வந்தது. பசை எழுத்துச் சக்கரத்தின் அடியில் ஒட்டிவிட்டதால் எண்களின் கால்கள் மங்கியிருந்தன, புள்ளி விழவே இல்லை. திரையில் ஒன்று புள்ளி ஐந்து. சீட்டில் பதினைந்து. அவள் திரையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த குழந்தையின் எடையைத் தேடத் தொடங்கினாள்.

நான் சீட்டைக் கிழித்தேன். பிசுபிசுத்த ஓரத்தை நறுக்கி நேராக்கினேன். கையெழுத்துப் போட்டு, ஒட்டி, உள்ளே தள்ளினேன்.

கலவைக்காரர் தயங்கினார். புட்டியைத் தூக்கிக் கண்ணாடி வழியாக என்னிடம் காட்டி, புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன். அவர் கலந்தார்.

வார்டில் நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள், புயலுக்கு ஒரு பாடமாக இருக்கும் என்று நினைத்துத்தான் செய்தேன். இல்லை, அது பிறகு நினைத்தது. தலையாட்டும்போது எதுவும் நினைக்கவில்லை. மனசு லேசாக இருந்தது.

உடனே அவளைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சக்கரத்தைத் துடைத்தேன். "தேங்க்ஸ் அண்ணே" என்றாள். மற்றக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது பாருங்கள். அந்த ஒரு புட்டியையும் அப்போதே திரும்ப வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். வாங்கியிருக்கலாம்.

மதியத்துக்குள் குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை. அதன் அம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, சின்னச் சட்டை ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விசாரணைக்காரர்கள் மெஷினைத் தட்டிப் பார்த்தார்கள். புள்ளி அழகாக விழுந்தது. அப்படியானால் அவள்தான் புள்ளியை அழுத்தவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். கண்ணாடி வழியாக என்னைக் கேட்டதைக் கலவைக்காரர் சொல்லவில்லை. சொன்னால் அவர் தலையும் உருளும். புயலுக்குச் சிறை என்றாகிவிட்டது, மேல்முறையீடும் எடுபடவில்லை. இப்போது நான் சொல்வதை நீங்கள் எழுதிக்கொண்டாலும் பெரிய பயன் இருக்காது, ஐயா. மெஷினில் குறை இல்லை, கலவைக்காரர் உயிரோடு இல்லை, அவளே ஒப்புக்கொண்டும் விட்டாள்.

அவள் வீட்டார் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும்தான் போய்ப் பார்க்கிறேன். ஆரம்பத்தில், "புள்ளி அடிச்சேன் அண்ணே, திரையில பாத்தேன்" என்று அழுவாள். போன தடவை அழவில்லை.

"யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன் அண்ணே. நான்தான் அடிக்காம விட்டிருக்கேன். அந்தப் புள்ளையைக் கொன்னது நான்தான்."

"மனசைத் தேத்திக்கம்மா" என்றேன். "அவசரத்துல யாருக்கும் நடக்கறதுதான்."

கம்பி வலை வழியாக விரலை நீட்டி என் கையைத் தொட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் முன்னால் அவள் என்னைச் சொன்னதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், ஐயா. மனசில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.