ஊதாப் பென்சில்

எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று எல்லைக்காரர்கள் மனு எழுதிக்கொண்டிருந்த நேரம். நகரியிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில், முன் இருக்கைக்காரர் மடியில் மனுக் கட்டோடு இருமிக்கொண்டே சொன்னார்:

"மெட்ராஸோட சேரணும்னு கேட்டோம். மொதல்ல வந்து சேந்தது மெட்ராஸ் சுரந்தான்."

"எத்தினி பேருக்கு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஊரே படுத்துக்கினு கீது. எனக்குத்தான் மொதல்ல. அப்பிடியும் வுடாம வீடு வீடா போயி கையெழுத்து வாங்கிட்டேன்."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மருந்து இல்லியாம். கஞ்சி குடிச்சிக்கினு தனியா படுக்கணுமாம். ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் படக்கூடாதாம். நாங்க தம்ளரைக்கூட மாத்தல."

"அப்புறம் எப்பிடி?"

"அதான் சந்தேகம். ஆந்திராதான் வேணும்னு கையெழுத்து போடாத நாலு வீட்டுக்கு மட்டும் ஒண்ணுமே ஆவல. அவங்கதான் இன்னாவோ பண்ணிட்டாங்க."

"அக்கிரமமா கீதே! குடுய்யா, நானும் போடறேன்."

மனுக்காரர் காதில் செருகியிருந்த ஊதாப் பென்சிலை எடுத்து, முனையை நாக்கில் தொட்டு, ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு நீட்டினார்.

"நல்லா நாக்குல தொட்டுக்க. ஈரம் இல்லேன்னா எழுதாது. ஊர் மொத்தமும் இந்த ஒரு பென்சில்லதான் போட்டுது."

அவர் நன்றாகவே தொட்டுக்கொண்டார்.